கன்வேயர் ரோலரில் கை சிக்கியது யாருடைய தவறு?

வாசகர் கடிதம்: கொழும்பு 15, மட்டக்குளியில் தேயிலையைக் கலந்து பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன்னர் இரவு வேலையின்போது, கலக்கும் டிரம்முக்குத் தேயிலையை மேலே கொண்டுசெல்லும் சாய்வான கன்வேயரின் அடிப்பக்க ரோலரில் எங்கள் தம்பி ஒருவரின் கை சிக்கியது. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து, ஆட்களை வேலைக்கு அனுப்பும் மேன்பவர் நிறுவனம் ஒன்றின் ஊடாக எங்களிடம் வேலை செய்த 19 வயது இளைஞர். ரோலரில் ஒட்டிய தேயிலைத் தூளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். உள்ளங்கையிலும் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த ரோலரின் மூடி, சுத்தம் செய்ய இடைஞ்சலாக இருக்கிறது என்று பல மாதங்களுக்கு முன்னரே கழற்றப்பட்டுவிட்டது. இப்போது நிர்வாகம், "பெல்ட் ஓடும்போது கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தும் அவர் கேட்கவில்லை" என்று எழுதிய தாளில் என்னைக் கையொப்பமிடச் சொல்கிறது. மறுத்தால் என் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது. உண்மையில் இது அவருடைய கவனக்குறைவா? இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? அந்தத் தம்பிக்கு என்ன கிடைக்கும்?

பதில்:

அன்புடையீர்,

கையொப்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுதான் உங்களை இன்று அழுத்துகிறது. நீங்கள் கண்ணால் காணாததையும் காதால் கேட்காததையும் உண்மையென்று எழுதிய தாளில் கையொப்பமிட வேண்டாம். அதற்குப் பதிலாக நீங்கள் கண்டதை உங்கள் சொந்த வாக்கியங்களில், திகதியிட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூடி எப்போது கழற்றப்பட்டது, யார் கழற்றினார், அது இல்லை என்பது யார் யாருக்குத் தெரிந்திருந்தது, ரோலரைச் சுரண்டும் வேலை வழக்கமாக எப்போது எப்படி நடந்தது, அன்றிரவு அந்த இடத்தில் எத்தனை பேர் நின்றார்கள், வெளிச்சம் எப்படி இருந்தது, நிறுத்தும் பொத்தான் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பவற்றை எழுதுங்கள். யார் மீதும் குற்றம் சுமத்த வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும்.

அந்தத் தாள் வெறும் அலுவலக நடைமுறை அல்ல என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு, யாருடைய தவறு என்று பார்க்காமலே தொழில் கொள்வோர் நட்டஈடு செலுத்த வேண்டும். மரணம் நேராத காயங்களில் மாத்திரம் சில விதிவிலக்குகள் உண்டு: மது அல்லது போதைப்பொருளின் பாதிப்பில் இருந்தது, பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுக்கப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை அது அதற்குரியது என்று தெரிந்தே வேண்டுமென்று அகற்றியது அல்லது அலட்சியம் செய்தது. உங்களிடம் நீட்டப்பட்ட தாளின் வாசகம் இந்த விதிவிலக்குகளில் ஒன்றுக்குள் அந்த இளைஞரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அப்படி எழுதியவர்கள் அதை எண்ணித்தான் எழுதினார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதன் விளைவு அதுவாகத்தான் இருக்கும். ஓடும் பெல்ட்டில் தினமும் எல்லோரும் சுரண்டியிருக்க, அதை மேற்பார்வையாளரும் முகாமையாளரும் பார்த்துக்கொண்டே கடந்து சென்றிருக்க, அன்று மட்டும் அது கட்டளை மீறலாகிவிடாது.

இனி உங்கள் முதலாவது கேள்வி. கவனக்குறைவு என்ற சொல், விபத்து நடந்த இடத்தைப் பார்க்காமலே விசாரணையை முடித்துவைக்க உதவும் சொல். அந்தக் கை அங்கே போனதற்குக் காரணம் அந்த வேலை கையை அங்கே அழைத்தது. தேயிலைத் தூள் ரோலரில் ஒட்டுகிறது. ஒட்டினால் பெல்ட் ஒரு பக்கமாக நகர்கிறது. நகர்ந்தால் ஓரம் கிழிகிறது, தேயிலை சிந்துகிறது, வரிசை நிற்கிறது. வரிசை நின்றால் ஏன் நின்றது என்று கேட்பார்கள். ரோலர் சுழலும்போது ஒரு தகட்டை அதன்மேல் பிடித்தால் முழுச் சுற்றும் தானாகவே சுரண்டப்பட்டுவிடும். நிறுத்தினால் ரோலரின் ஒரு பக்கம் மட்டுமே கைக்கு எட்டும், மற்றப் பக்கத்துக்காக மறுபடி ஓட்டி நிறுத்த வேண்டும். ஆகவே பெல்ட் ஓடும்போது சுரண்டுவதுதான் இலகுவான வழி என்பதை எந்தப் புதிய தொழிலாளியும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார், அதுவும் பழைய தொழிலாளியைப் பார்த்தே கற்றுக்கொள்வார். மூடியைக் கழற்றிவைத்தபோது அந்த இலகுவான வழியை நிர்வாகமே திறந்துவிட்டது.

பெல்ட் கன்வேயரில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அடுத்த மூடியை எங்கே போடுவது என்பது அதைப் பொறுத்தது. நீளமாக ஓடும் பெல்ட்டின் நடுப்பகுதி பெரும்பாலும் ஆபத்தானதல்ல. பெல்ட் ஒரு ரோலரைச் சந்தித்து அதனோடு சேரும் கோடுதான் ஆபத்து. அந்தக் கோட்டில் பெல்ட்டும் ரோலரும் உள்நோக்கிச் சுழல்வதால், அங்கே பட்ட எதையும் அவை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கின்றன. தெருவோரத்தில் கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தின் வாய் கரும்பை எப்படி வாங்கிக்கொள்கிறதோ, அப்படித்தான் இந்த வாயும். இத்தகைய வாய் ஒரு கன்வேயரில் ஒன்றல்ல, பல உண்டு: மோட்டாரால் சுழற்றப்படும் முன்முனை ரோலர், பெல்ட் திரும்பி வரும் பின்முனை ரோலர், பெல்ட்டை ரோலரோடு அணைத்துப் பிடிக்கும் சிறிய ரோலர், பெல்ட்டை இறுக்கி வைக்கும் ரோலர், பக்கப் பலகைக்குக் கீழே பெல்ட் ஓடும் இடம், மோட்டாரிலிருந்து சங்கிலியோ வீ பெல்ட்டோ செல்லும் இடம். வெறும் பெல்ட்டைத் தாங்கும் அடிப்பக்கச் சிறு உருளைகளில் பெல்ட் மேலெழும்ப இடமிருந்தால் ஆபத்து குறைவு. பெல்ட் எழும்ப முடியாதபடி மேலே தகடு அல்லது சட்டம் இருந்தால் அவையும் இதே அளவு ஆபத்தானவை. ஆகவே உங்கள் தொழிற்சாலையில் அந்த ஒரு ரோலரை மூடிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கன்வேயரையும் முன்முனையிலிருந்து பின்முனைவரை நடந்து பாருங்கள்.

"அந்த பெல்ட் மெதுவாகத்தானே ஓடுகிறது" என்று உங்களிடம் சொல்வார்கள். ஒரு கணக்கைச் செய்து காட்டுங்கள். பெல்ட் செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்; மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகத்தின் பாதியைவிடக் குறைவு அது. விரல் நுனி இழுபடுவதை உணர்ந்து, மூளை அதை அறிந்து, தசை பின்வாங்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ கால் செக்கன் ஆகும். அதற்குள் பெல்ட் 12 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். விரல்கள் முழுவதும் உள்ளே போய்விடும். அருகில் நிற்பவர் அலறலைக் கேட்டு, ஓடிச்சென்று, பொத்தானை அழுத்த இரண்டு செக்கன் ஆனால் பெல்ட் ஒரு மீற்றர் நகர்ந்திருக்கும். அது முழுக் கையின் நீளத்தைவிட அதிகம். மோட்டார் தானாக நின்றுவிடும் என்று நம்பவும் இடமில்லை. 1.5 கிலோவாட் மோட்டார், அதாவது இரண்டு குதிரைவலு, அந்த வேகத்தில் பெல்ட்டை இழுக்கும் விசை, இழப்புகளைக் கழிக்காவிட்டால், 3000 நியூட்டன்; 300 கிலோ பாரத்தைத் தூக்கும் விசைக்கு ஒப்பானது. மோட்டாரின் மிகைச்சுமை ரிலே மோட்டாரின் சுருள் எரியாமல் காக்கவே பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு மனிதக் கை உள்ளே போவது அதற்குப் பெரிய சுமையே அல்ல. கவனமாக இருந்தால் தப்பலாம் என்று சொல்பவர்கள் இந்த எண்களைப் பார்த்த பிறகும் அதையே சொன்னால், அவர்களோடு மேலும் வாதாடுவதில் பயனில்லை, மூடியைப் போடுங்கள்.

கையுறை பற்றி ஒரு எச்சரிக்கை. விபத்துக்குப் பின்னர் பல இடங்களில் முதலில் செய்யப்படுவது எல்லோருக்கும் கையுறை வாங்கிக் கொடுப்பதுதான். சுழலும் ரோலருக்கு அருகில் கையுறை பாதுகாப்பு அல்ல. விரல் நுனியில் தளர்ந்து நிற்கும் துணி, விரலுக்கு முன்பே ரோலரில் பட்டு, விரலையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். அதேபோல மணிக்கட்டில் கட்டிய கோயில் நூல், பிரித் நூல், கைக்கடிகாரம், மோதிரம், தொங்கும் சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல், நீண்ட சட்டைக் கை எல்லாமே பிடிபடக் கூடியவை. நூலைக் கழற்றச் சொல்வது பலருக்கு மனவருத்தம் தரும் விடயம். அதை அவமதிப்பாகத் தோன்றாதபடி, காரணத்தைச் சொல்லி, கழற்ற விரும்பாதவருக்கு இயந்திரத்திலிருந்து விலகிய வேலையைக் கொடுத்துச் செய்யலாம். ஆனால் இவை எல்லாம் இரண்டாவது வரிசைக் காவல்தான். வாய் மூடப்பட்டிருந்தால் நூலும் பிடிபடாது.

மூடி எப்படி இருக்க வேண்டும்? உங்கள் பழைய மூடி கழற்றப்பட்டதற்கு அது சரியாக வடிவமைக்கப்படாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான்கு பக்கமும் தகட்டால் அடைத்த பெட்டி போன்ற மூடி, தூளை உள்ளேயே தேக்கிவைக்கும். தேங்கிய தூள் பெல்ட்டில் உராயும். அதைச் சுத்தம் செய்ய மூடியைக் கழற்றியே ஆக வேண்டும். அடிக்கடி கழற்றப்படும் மூடி ஒருநாள் திரும்ப மாட்டப்படாமலே போகும். பக்கங்களும் பின்புறமும் வலைக் கம்பியால் ஆன, அடிப்பக்கம் தூள் கீழே விழுந்துவிடக்கூடியதாகவும் ஆனால் கை எட்டாததாகவும் அமைந்த மூடி வேண்டும். ரோலர் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தால், தூள் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக மூடியைத் திறக்க வேண்டிய தேவை இருக்காது. வலையின் கண் அளவுக்கும் அது ரோலரிலிருந்து நிற்க வேண்டிய தூரத்துக்கும் தொடர்பு உண்டு: ஐ.எஸ்.ஓ. 13857 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தின்படி, சதுரக் கண் 20 முதல் 30 மில்லிமீற்றர்வரை இருந்தால் வலை ஆபத்தான இடத்திலிருந்து குறைந்தது 120 மில்லிமீற்றர் விலகி நிற்க வேண்டும். கண் 40 மில்லிமீற்றரைத் தாண்டினால் முழுக் கையும் நுழையும் என்று கொண்டு 850 மில்லிமீற்றர் விலக வேண்டும். ஊரில் கிடைக்கும் அகலமான கம்பி வலையை ரோலரோடு ஒட்டி அடித்துவிட்டு மூடி போட்டாயிற்று என்று சொல்வது இந்த அளவில் பார்த்தால் மூடியே அல்ல. மூடியை ஸ்பனர் போன்ற கருவி இல்லாமல் கழற்ற முடியாதபடி பொருத்த வேண்டும். கிரீஸ் போடும் குழாய்களையும் பெல்ட்டை நேராக்கும் இறுக்காணிகளையும் மூடிக்கு வெளியே நீட்டிவைத்தால், அந்த இரண்டு வேலைகளுக்காக மூடியைத் தொடவே வேண்டியிருக்காது. வெல்டிங் வேலை தெரிந்த எவரும் இதை ஓரிரு நாட்களில் செய்து முடிப்பார்.

மூடியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுத்தம் செய்யும் வேலையின் ஒழுங்கு. மூடி கழற்றப்படும் நேரத்தில் பெல்ட் ஓட முடியாது என்பது ஒருவருடைய நினைவையோ வாக்கையோ நம்பி இருக்கக் கூடாது. ஒரு பூட்டை நம்பி இருக்க வேண்டும். பெல்ட்டை இயக்கப் பொத்தானால் நிறுத்துவது போதாது. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவைப்பதும் போதாது, ஏனெனில் அது கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டுமே துண்டிக்கிறது. யாராவது அதை விடுவித்துவிடலாம், உள்ளே ஒரு தொடுகை ஒட்டிக்கொண்டு தானாகவே மின் பாயலாம். அந்த மோட்டாருக்கு மின் வரும் மெயின் சுவிட்சையே நிறுத்தி, அதன் பிடியில் சுத்தம் செய்பவர் தமது சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தமது பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஒருவர் முடித்துவிட்டு மற்றவரை மறந்து இயக்கிவிட முடியாது. பூட்டோடு பெயரும் வேலையும் எழுதிய அட்டை ஒன்று தொங்க வேண்டும். பூட்டிய பின்னர் இயக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்து, பெல்ட் அசையவில்லை என்பதை உறுதிப்படுத்திய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். தவறான சுவிட்சைப் பூட்டிவிட்டு வேறு பெல்ட்டுக்குள் கை விட்டவர்களை இந்த ஒரு சோதனை காப்பாற்றும். முடிந்ததும் மூடியைப் பொருத்தி, கருவிகளை எண்ணி எடுத்து, பின்னரே பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டைப் போட்டவரைத் தவிர வேறு எவரும், முகாமையாளர் உட்பட, அதைத் திறக்கக் கூடாது.

உங்கள் கன்வேயர் சாய்வானது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் ஓர் ஆபத்து மிஞ்சியிருக்கும். மேலே தேயிலைச் சுமை இருக்க, பின்னோக்கி உருளாமல் தடுக்கும் சாதனமோ பிரேக்கோ பழுதாக இருந்தால், அந்தச் சுமை பெல்ட்டைக் கீழ்நோக்கி இழுக்கும். ரோலர் எதிர்த் திசையில் சுழலும். எங்காவது சாக்கோ பலகையோ சிக்கி பெல்ட் நின்றிருந்தால், அந்த இழுவிசை பெல்ட்டிலேயே தங்கியிருக்கும். சிக்கியதை எடுத்த கணத்தில் பெல்ட் துள்ளி நகரும். ஆகவே சுத்தம் செய்வதற்கு முன்னர் பெல்ட்டிலிருந்த தேயிலையை இறக்கிவிட்டு நிறுத்துங்கள்; சிக்கலை எடுப்பதற்கு முன்னர் இறுக்காணியைத் தளர்த்துங்கள்.

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் செய்தால் வேலை நடக்காது என்று உங்கள் முகாமையாளர் சொல்வார். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஒரு ஷிப்டில் பல முறை ரோலரைச் சுரண்ட வேண்டியிருந்தால், பூட்டும் வேலையே வேலையாகிவிடும். ஆனால் அப்படி அடிக்கடி தூள் ஒட்டுகிறது என்றால் பழுது கன்வேயரில்தான் இருக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் தேயிலை ஈரத்தை உறிஞ்சும். நுண்தூளும் நாரும் கலந்து ரோலரில் படையாகப் படியும். அதை மூலத்திலேயே தடுக்க வழிகள் உண்டு. பெல்ட் தேயிலையைக் கொட்டும் முன்முனையில் ஒரு சுரண்டி அலகைப் பொருத்தினால் திரும்பும் பெல்ட்டில் ஒட்டிவரும் தூள் குறையும். பின்முனை ரோலருக்குச் சற்று முன்னே, திரும்பும் பெல்ட்டின் உட்பக்கத்தில், அம்பு முனை வடிவத்தில் ஒரு விலக்கிப் பலகையை வைத்தால், உள்ளே விழுந்த தூள் ரோலருக்குப் போகாமல் இரு பக்கமும் தள்ளப்பட்டுவிடும். சாக்கைக் கொட்டும் தொட்டியின் பக்கங்களில் தேய்ந்துபோன ரப்பர் விளிம்புகளை மாற்றினால் சிந்துவது குறையும். தூசு உறிஞ்சும் குழாய் ஒன்றைக் கொட்டும் இடத்தில் வைத்தால் தொழிலாளரின் நுரையீரலுக்கும் நல்லது. இவற்றைச் செய்தபின் ஷிப்டுக்கு ஒருமுறை, வேலை மாறும் நேரத்தில், பூட்டிச் சுத்தம் செய்வது பெரும்பாலும் போதும்.

நிறுத்தும் வசதி பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கன்வேயரில் ஒரே ஒரு பொத்தான், அதுவும் மேலே டிரம்முக்கு அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே கை சிக்கியவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. மனிதர் நெருங்கக்கூடிய நீளம் முழுவதற்கும் இழுகயிறு கட்ட வேண்டும். இரு பக்கமும் ஆட்கள் போனால் இரு பக்கமும். எந்தத் திசையில் இழுத்தாலும், கயிறு அறுந்தாலும் பெல்ட் நிற்க வேண்டும். நின்றபின் அந்த இடத்துக்குச் சென்று கையால் மீட்டமைத்தால் மட்டுமே மறுபடி இயங்கத் தயாராக வேண்டும். மீட்டமைத்தவுடன் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. இயக்குபவருக்குக் கன்வேயரின் முழு நீளமும் தெரியாவிட்டால், ஓடத் தொடங்குவதற்கு முன்னர் சில செக்கன்கள் மணி ஒலிக்க வேண்டும். இழுகயிறு மூடிக்குப் பதிலாகாது என்பதை மேலே உள்ள கணக்கே காட்டும். அது விரலை இழந்தவரின் கையைக் காப்பாற்றும், கையை இழந்தவரின் உயிரைக் காப்பாற்றும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க விரும்புகிறேன். அந்த இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை எந்த மொழியில் இருக்கிறது? கொழும்பில் மலையகத்திலிருந்து வந்து வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் சிங்களத்தைப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் வாசிக்க மாட்டார்கள், ஆங்கிலமும் அப்படியே. வாசிக்க முடியாத அறிவித்தலைக் காட்டி, சொல்லியிருந்தோம் என்று வாதிடுவது நேர்மையாகாது. மேன்பவர் ஊடாக வருபவர்களுக்கு முதல் நாளே இயந்திரத்தின் அருகில் நிறுத்தி, அவர்கள் மொழியில், எங்கே கை வைக்கக் கூடாது, எந்தக் கயிற்றை இழுக்க வேண்டும், எந்த வேலையை மறுக்கலாம் என்று காட்டிக் கொடுக்க வேண்டும். அதை இரவு ஷிப்டிலும் செய்ய வேண்டும். பகலில் பயிற்சி பெறாமலே இரவில் வேலைக்கு வருபவர்கள்தான் அதிகம் காயப்படுகிறார்கள் என்பது தொழிற்சாலைகளோடு பழகிய எனது அவதானம்.

சட்டம் இங்கே தெளிவானது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்தின் ஆபத்தான ஒவ்வொரு பாகமும் பாதுகாப்பாக அடைக்கப்பட வேண்டும் என்றும், அந்தப் பாகம் இயங்கும் நேரமெல்லாம் அடைப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் தொழிற்சாலையை நடத்துபவர் மீது கடமையை வைக்கிறது. இந்தச் சட்டம் பிரித்தானியாவின் 1937 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பின்பற்றியது. அந்த மூலச் சட்டத்தின் இதே வாசகத்தைப் பற்றி 1955 இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஓர் அரைக்கும் சக்கரத்தில் பெருவிரல் காயப்பட்ட தொழிலாளியின் வழக்கில், அடைப்பைப் போட்டால் இயந்திரத்தைப் பாவிக்கவே முடியாது என்பதுகூட அடைப்பு இல்லாமைக்குக் காரணமாகாது என்று தீர்ப்பளித்தது. சுத்தம் செய்ய இடைஞ்சல் என்ற காரணம் அதைவிட மிகச் சிறியது. மரணத்தையோ, மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாத நிலையையோ ஏற்படுத்தும் விபத்தை மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. உங்கள் விபத்து அறிவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நாரஹேன்பிட்டவில் உள்ள தொழிற் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவுக்கு எவரும் தெரிவிக்கலாம். வேலை போய்விடுமோ என்ற உங்கள் அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. அதனால்தான் முதலில் எழுத்தில் உள்ளே தெரிவியுங்கள் என்கிறேன். மூடி இல்லாமல் இயக்கச் சொல்கிறார்கள், இது ஆபத்து என்று முகாமையாளருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதி, நாளை யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போது உங்களையும் காக்கும். தொழிற்சங்கம் இருந்தால் தனியே போகாமல் அதனோடு போங்கள்.

மறுபடி ஒருவர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதை உங்கள் ஷிப்டில் உள்ள எல்லோரும் இப்போதே அறிந்திருக்க வேண்டும். பெல்ட்டைப் பின்னோக்கி ஓட்டிக் கையை எடுக்க முயல வேண்டாம். அது காயத்தை இரட்டிப்பாக்கும். கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்தி, இறுக்காணிகளைத் தளர்த்தி, பெல்ட்டின் இறுக்கத்தை விட்ட பின்னரே கையை விடுவிக்க வேண்டும். அதற்கான ஸ்பனர் கன்வேயர் அருகிலேயே தொங்க வேண்டும். இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்திப் பிடித்து, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். துண்டான விரல் கிடைத்தால் அதை நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பொலித்தீன் பையில் இட்டு, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து நோயாளியோடு அனுப்புங்கள். விரல் ஐஸில் நேரடியாகப் படக் கூடாது. வெளியே சிறிய சிராய்ப்பு மட்டுமே தெரிந்தாலும், ரோலருக்குள் போன கையை வைத்தியசாலைக்கு அனுப்பாமல் இருக்க வேண்டாம். உள்ளே நசுங்கிய தசை சில மணித்தியாலங்களில் வீங்கி இரத்த ஓட்டத்தையே அடைத்துவிடக்கூடும்.

கடைசியாக, அந்தத் தம்பிக்குக் கிடைக்க வேண்டியது. மேன்பவர் நிறுவனத்தின் ஆள் என்பதால் அவருடைய உரிமை இல்லாமற் போகாது. தமது வழக்கமான வேலையை ஒப்பந்தக்காரரின் ஆட்களைக் கொண்டு செய்விக்கும் நிறுவனமும் நட்டஈட்டுக்குப் பொறுப்பாகலாம், இருவரில் யார் இறுதியில் செலுத்துவது என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான விடயம். வேலை செய்ய முடியாத காலத்துக்கான கொடுப்பனவு ஒன்று. விரல்கள் போனதால் நிரந்தரமாக இழந்த உழைப்புத் திறனுக்கான நட்டஈடு இன்னொன்று. இரண்டாவதற்குச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வோர் உறுப்புக்கும் வீதம் குறிக்கப்பட்டுள்ளது. அட்டவணையில் அடங்காத உள்ளங்கைக் காயத்துக்கு வைத்திய மதிப்பீடு வேண்டும். ஆகவே சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடமிருந்து, எந்த விரல் எந்த மூட்டில் எடுக்கப்பட்டது, மீதி விரல்கள் எவ்வளவு மடங்குகின்றன, பிடியின் பலம் எவ்வளவு என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடும் அறிக்கையை இப்போதே கேட்டுப் பெறச் சொல்லுங்கள். அனுமதி அட்டை, நோய் நிர்ணய அட்டை, கடைசி மாதங்களின் சம்பளச் சிட்டைகள், மேன்பவர் நிறுவனம் கொடுத்த கடிதம் அல்லது வரவுப் பதிவின் பிரதி ஆகியவற்றைச் சேர்த்து, கொழும்பில் உள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் தாமதிக்காமல் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் காலவரம்பு உண்டு. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு அவருக்காகப் பணம் கட்டப்பட்டிருந்தால், அங்கத்தவருக்கான அங்கவீனக் கொடுப்பனவையும் தனியே கேட்கலாம். அலட்சியத்துக்காக சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் வழியும் இருக்கிறது. ஆனால் ஒரே காயத்துக்கு இரு வழியிலும் பெற முடியாது என்பதால், எதைத் தெரிவு செய்வது என்று முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

இப்படிப்பட்ட நேரங்களில் குடும்பத்தவரிடம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளில் கையொப்பம் வாங்கும் வழக்கம் இருக்கிறது. அவருடைய பெற்றோர் ஹட்டனில் இருப்பதால் அவர்களிடம் நேரடியாகவே யாராவது போகக்கூடும். அப்படி ஒரு தாள் வந்தால் கையொப்பமிடாமல், அதை ஆணையாளர் அலுவலகத்தில் காட்டும்படி இன்றே அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.